தோற்ற பையன் திரும்பி வர வேண்டும்

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்த சாமிகள் தீர்த்தவாரி முடித்து ஊர் திரும்பிய மறுவாரம், நான் ஒரு புது நோட்டு வாங்குவேன். ஆண்டுக்கு ஒரு நோட்டு. பழையவை எல்லாம் பரணில் இருக்கின்றன. எல்லா நோட்டிலும் முதல் பக்கத்தில் ஒரே கேள்விகள்தான்: மைதானம் எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும், எந்தப் பள்ளிக்கு எப்போது பரீட்சை முடிகிறது, யார் யார் ரெஃப்ரி, போன வருஷத்துப் பந்துகளில் எத்தனை இன்னும் காற்று பிடிக்கிறது.

புதுச்சேரியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துவதை 1989-இல் தொடங்கினேன். கொரோனா அடைப்பு இருந்த 2020, 2021 தவிர ஒரு கோடையும் விட்டதில்லை. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கத்தில் பெரிய ஆட்டங்கள் நடக்கும், லாஸ்பேட்டையிலும் நடக்கும். நான் சொல்வது அவற்றைப் பற்றி அல்ல. கோல் கம்பத்துக்குப் பதில் சவுக்குக் கட்டை நட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தை ஆறேழு வாரம் கலையாமல் நடத்திச் செல்வது எப்படி என்பது பற்றி.

முதல் ஆண்டு நான் நடத்தியது லீக்கே இல்லை, நாக்-அவுட். நான் ஆடி வளர்ந்ததும் அப்படித்தான், எனக்குத் தெரிந்த முறையும் அது ஒன்றுதான். 16 அணிகள் சேர்ந்தன. 16 அணி என்றால் 15 ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும். செலவு குறைவு, கூட்டம் நிறைய, கோப்பை இரண்டடி உயரம். முதல் ஞாயிறு மாலைக்குள் எட்டு அணிகள் வீட்டுக்குப் போய்விட்டன.

அப்படிப் போன அணி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். சீட்டு எடுத்த பணத்தில் அவன் அம்மா வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார். அணியில் பதினாறு பேர்; களத்தில் பதினோரு பேர். அவனை இறக்கவே இல்லை. மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றார்கள். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதே ஷூவோடு வந்து நின்றான்.

“மாஸ்டர், இன்னைக்கு எங்களுக்கு யார்கூட மேட்ச்?”

“உங்க டீம் தோத்துடுச்சேப்பா.”

“தோத்துட்டா அவ்ளோதானா மாஸ்டர்?”

என்னிடம் பதில் இல்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. அந்த இரண்டு வரிகளையும் அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன். பிறகு நான் மாற்றிய ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியதுதான்.

1990-இல் லீக் முறைக்கு வந்தோம். அணிகளை எட்டாகக் குறைத்தோம். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஆட வேண்டும். மொத்தம் 28 ஆட்டங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு ஆட்டம் வீதம் ஏழு சுற்று. ஆட்ட அட்டவணை போடத் தெரியாமல் அந்த முதல் லீக்கில் ஒரு அணி ஒரே நாளில் இரண்டு முறை ஆடியது. இன்னொரு அணி பத்து நாள் சும்மா இருந்தது. கணக்கு ஆசிரியராக இருந்த சக ஊழியர் ஒருவர் ஸ்டாஃப் ரூமில் தீப்பெட்டிகளை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எட்டு தீப்பெட்டியை இரண்டு வரிசையாக, நாலுக்கு நாலாக வை. எதிரெதிரே இருப்பவை முதல் சுற்று. மூலையில் ஒரு பெட்டியை அசைக்காதே. மற்ற ஏழையும் கடிகாரம் சுற்றுகிற மாதிரி ஒவ்வொரு இடம் நகர்த்து. அது இரண்டாம் சுற்று. ஆறு தடவை நகர்த்தினால் எல்லோரும் எல்லோரையும் ஒரு முறை சந்தித்திருப்பார்கள். அணிகள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பெட்டிக்கு ‘ஓய்வு’ என்று பெயர் வை. இன்றைக்குக் கைப்பேசியில் தட்டினால் அட்டவணை வந்துவிடுகிறது. ஆனாலும் அணிப் பொறுப்புக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் தீப்பெட்டியைத்தான் காட்டுகிறேன். மழையில் ஒரு சுற்று கெட்டுப்போனால் எதை எங்கே நகர்த்துவது என்பது தீப்பெட்டி நகர்த்தியவனுக்குத்தான் புரியும்.

கோடையில் மழையா என்று கேட்பீர்கள். 2010 மே மாதம் லைலா புயல் ஆந்திரப் பக்கம் போகிற வழியில் எங்கள் கடைசிச் சுற்றையும் கலைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து கடைசி வாரத்தை அட்டவணையில் காலியாகவே விடுகிறோம். வெயிலுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை காயும். அந்த நாட்களில் காலை ஆறுக்கு முதல் விசில், எட்டரைக்கு மேல் ஒரு பிள்ளையும் களத்தில் இருக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர். முடிந்ததும் உப்புப் போட்ட மோர், கிடைத்தால் தர்பூசணிக் கீற்று.

மைதானம் கிடைப்பதுதான் இந்த வேலையில் பாதி. விண்ணப்பம் எழுதி, முத்திரை வாங்கி, நகல் எடுத்து வைத்துக்கொள்வதோடு அது முடியாது. அதே மைதானத்தில் விடியற்காலை நடை போகிறவர்கள் இருக்கிறார்கள், டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் இருக்கிறார்கள், கல்யாண மண்டபத்துக்கு வருகிற வண்டிகள் இருக்கின்றன. அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் ஓர் ஆண்டு விடியற்காலை போய்ப் பார்த்தால் மைதானம் முழுக்கப் பந்தல்கால் குழிகள். முந்தின நாள் ஏதோ கூட்டம். ஏழு வயதுப் பிள்ளை கால் வைத்தால் கணுக்கால் போய்விடும். அன்று ஆட்டம் நடக்கவில்லை. பெற்றோரும் நாங்களுமாக மம்மட்டி எடுத்துக் குழி மூடினோம். அந்தக் காலையில் மண் சுமந்த அப்பாக்களில் மூன்று பேர் அதற்குப் பிறகு பத்து ஆண்டு எங்களோடு இருந்தார்கள். கிரிக்கெட் பையன்களோடு சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு அவர்களில் இருவரைக் கோட்டு ரெஃப்ரியாக வைத்துக்கொண்டேன். எட்டரைக்கு மைதானம் அவர்களுடையது என்று ஒப்பந்தம். இன்றும் அது நிற்கிறது.

கோடு போடுவதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1993 என்று நினைவு. சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். என்ன சுண்ணாம்பு என்று சொல்லவில்லை. வந்தது சரியாக நீறாத கிளிஞ்சல் சுண்ணாம்பு. நானும் கையில் எடுத்துப் பார்க்காமல் கோடு போட்டேன். பனி ஈரத்தில் வழுக்கி விழுந்த பிள்ளைக்கு முட்டியிலிருந்து தொடை வரை தோல் வெந்துபோனது. ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, தழும்பு சின்னதாக நின்றது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து கோலமாவு. வெள்ளைக் கல்லை அரைத்த பொடி, தோலை ஒன்றும் செய்யாது. தெருவில் தள்ளுவண்டியில் விற்கிற அதே மாவுதான். ஒரு முழு மைதானத்தைக் குறுக்கே மூன்றாகப் பிரித்துச் சின்ன மைதானங்கள் போடுகிறோம். மூன்றுக்கும் இரண்டு மூட்டை சரியாக இருக்கும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகள் போட்டி நடத்துகிற எவருக்கும் தூக்கம் கெடுக்கிற விஷயம் இது. பத்து வயதுக்குக் கீழ், பன்னிரண்டுக்குக் கீழ், பதினாலுக்குக் கீழ் என்று பிரிக்கிறோம். பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பினால் பாதிப் பிள்ளைகள் ஜூன் 1-ஆம் தேதி பிறந்திருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது. புதுச்சேரியில் பிறப்புப் பதிவு பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஒழுங்காக நடந்த விஷயம். நகராட்சியில் நகல் கேட்டால் கிடைத்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் குடும்பப் பதிவுப் புத்தகத்தையே கொண்டு வந்து காட்டுவார்கள்; அதில் தேதி தப்ப வாய்ப்பில்லை.

ஆனாலும் ஓர் ஆண்டு மைதானத்திலேயே ஒரு பையனை நிறுத்தினேன். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது, என் தோள் உயரம் இருந்தான். எதிரணிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். “இவன் பன்னண்டா மாஸ்டர்?” எனக்கும் சந்தேகம். எல்லோர் முன்னாலும் அவனை வெளியே அனுப்பினேன். மறுநாள் அவன் அப்பா நகராட்சிச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார். பையனுக்குப் பதினோரு வயது பத்து மாதம். “சீக்கிரம் வளந்துட்டான் சார், அவன் என்ன பண்ணுவான்?” என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், முதல் நாளே அந்தக் காரியத்தைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் மேல்மட்டப் போட்டிகளில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறார்கள். எங்களுக்கு அது வேண்டாம். பதிவு நாளன்று காகிதத்தைப் பார், வாங்கு, கையெழுத்துப் போடு. அதற்குப் பிறகு மைதானத்தில் யாரும் எந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது. பேசினால் அந்தப் பெரியவர் கயிற்றுக்கு வெளியே.

கயிறு என்று சொன்னது நிஜக் கயிறு. கோட்டிலிருந்து மூன்று எட்டுத் தள்ளிக் கட்டியிருப்போம். முதல் பத்து ஆண்டுகளில் அணிகள் தெருவாரியாக, குப்பம்வாரியாக இருந்தன. ஆட்டம் பிள்ளைகளுடையது, சண்டை பெரியவர்களுடையது. ஒரு இறுதி ஆட்டத்தில் ரெஃப்ரியின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அந்த ரெஃப்ரி ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அல்ஜீரியா வரை போய் வந்தவர். காலை ஐந்தரைக்கே இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டையில் வந்து நிற்பார். ஆஃப்சைடுக்கு ‘ஓர் ழெ’ என்று கத்துவார், பிள்ளைகளும் அப்படியே கத்தும். சட்டைப் பொத்தான் அறுந்து நின்றவர் விசிலை என் கையில் கொடுத்தார். “தம்பி, நான் சண்டையிலிருந்து வந்தவன். இங்க சண்டை வேணாம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். மூன்று வாரம் வீட்டுக்குப் போய்க் கெஞ்சித்தான் திரும்ப அழைத்து வந்தேன்.

மறு ஆண்டு தெரு அணிகளைக் கலைத்தேன். எளிதாக நடக்கவில்லை, நோட்டீஸ் ஒட்டிய டீக்கடையிலேயே அதைக் கிழித்தார்கள். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக ஆட வைத்து, நாலு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, நன்றாக ஆடுகிறவர், நடுத்தரம், புதிது என்று மூன்று சட்டியில் பெயர்ச்சீட்டு போடுகிறோம். ஒவ்வோர் அணியும் மூன்று சட்டியிலிருந்தும் சம எண்ணிக்கையில் எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி ஒரே வயதுப் பிரிவில் இருந்தால் ஒரே அணி. வீட்டில் இருப்பது ஒரு சைக்கிள், கூட்டி வருவது ஓர் அம்மா. அணிக்குப் பெயர் பிள்ளைகளே வைக்கட்டும் என்று விட்டேன். மீன் பெயராக வைத்தார்கள்: வஞ்சிரம், கொடுவா, பாறை, சங்கரா, வாளை. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். குப்பத்துப் பையனும் புல்வார் எனப்படும் வட்டச் சாலைக்கு உள்ளே பெரிய வீட்டுப் பையனும் ஒரே ‘வஞ்சிர’த்தில் ஆடும்போது அவர்கள் அப்பாக்கள் கயிற்றின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. சட்டையைப் பிடிக்கிற சண்டை அதற்குப் பிறகு நடக்கவில்லை.

எங்கள் லீக்குக்கும் கடலுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும். முன்பு 45 நாள், 2017-இலிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க முடியாத அப்பாக்கள் இந்த இரண்டு மாதம் கரையில் இருக்கிறார்கள். கோல் வலை அறுந்தால் பின்னித் தருவதற்கு அவர்களைவிடக் கெட்டிக்காரர் யார்? ஆனால் அதே இரண்டு மாதம்தான் கையில் காசு இல்லாத மாதம். ஆகவே பதிவுக் கட்டணத்தை ஏப்ரலில் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். முடிந்தவர் முன்பே தரட்டும், முடியாதவர் ஆடி மாதம் தரட்டும், தராவிட்டாலும் பிள்ளை ஆடட்டும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் என் நோட்டில் மட்டும் இருக்கும். பிள்ளைகளிடம் கேட்பதில்லை.

2005-ஆம் ஆண்டு நோட்டில் முதல் பக்கம் காலியாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான கோடை அது. நகரத்துக் கடற்கரைச் சாலையைக் கல் அணை பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. மற்ற மீனவ ஊர்கள் அடிபட்டன, காரைக்காலில் அழிவு இன்னும் கொடுமை. இந்த ஆண்டு வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு மீனவ அம்மா வந்தார். “மாஸ்டர், பசங்க ராத்திரி தூங்க மாட்டேங்குது. ஓடியாடுனா தூங்கும். நடத்துங்க” என்றார். நடத்தினோம். ஷூ இல்லாத பிள்ளைகள் நிறைய இருந்ததால் எல்லோரும் வெறுங்காலில்தான் ஆட வேண்டும் என்று அந்த ஓர் ஆண்டு விதி. புள்ளிப் பட்டியல் போடவில்லை. எத்தனை ஆட்டம் நடந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்: 28.

அந்தக் காலகட்டத்தில்தான் பெண் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் அண்ணனுக்குத் துணையாக வந்து பந்து பொறுக்கிப் போட்டவர்கள். ஆட விடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டபோது, பெண் பிள்ளைக்கு எதற்கு ஆட்டம் என்று யாரும் கேட்கவில்லை. “பாத்ரூம் எங்க இருக்கு மாஸ்டர்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதினைந்து ஆண்டு அதை நான் யோசிக்கவே இல்லை. மைதானத்துக்கு எதிர்வீட்டு அம்மாளிடம் பேசி, லீக் நாட்களில் அவர் வீட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தோம். அந்த ஆண்டு ஆறு பேர். அடுத்த ஆண்டு முப்பதைத் தாண்டியது. பக்கத்தில் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடப் போன பிறகு, எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஊர்க்காரி இந்தியாவின் நடுக்களத்தில் நிற்கிறாள் என்பது பத்து வயதுப் பெண்ணுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

கேன்வாஸ் ஷூ பையனின் கதையில் இரண்டு குறைகள் இருந்தன. தோற்றதும் போட்டி முடிந்தது ஒன்று. ஒரு நிமிடம்கூட ஆடாமல் தோற்றது மற்றொன்று. முதலாவதை லீக் தீர்த்தது. இரண்டாவதைத் தீர்க்க எனக்கு மேலும் பத்து ஆண்டு ஆனது. 1990-களின் கடைசியில், அமெரிக்காவில் குடியேறிய பழைய மாணவன் ஒருவன் கடிதம் எழுதினான். தன் மகனைப் பேஸ்பால் லீக்கில் சேர்த்திருப்பதாகவும், பனி உருகி வசந்தம் வந்ததும் ஊரே மைதானத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தான். மண்ணைக் கிளறிச் சமன் செய்வது, பயிற்சி கொடுப்பது, புள்ளி எழுதுவது எல்லாம் பெற்றோர்தானாம். பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் 1939-இல் மூன்று அணிகளோடு தொடங்கிய லிட்டில் லீக் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தக் கடிதத்தில் ஒரு வரியின் கீழ் நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சீருடை போட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு முறையாவது மட்டை பிடித்தாக வேண்டுமாம். பயிற்சியாளரின் தயவில் நடக்கிற காரியம் இல்லை. எழுதி வைத்த விதி.

அடுத்த கோடையில் ஆட்டத்தைப் பத்து பத்து நிமிடமாக நான்கு பகுதியாக்கினேன். அணியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது இரண்டு பகுதி முழுமையாக ஆட வேண்டும். புள்ளிக்காரர் பெயருக்கு எதிரே பென்சிலில் குறி போடுவார். குறி குறைந்தால் வெற்றிக்கான புள்ளி கிடையாது. அணிப் பொறுப்பாளர்கள் கொதித்தார்கள். “நல்லா ஆடுறவனை உட்கார வெச்சுட்டு ஓடத் தெரியாதவனை இறக்கணுமா சார்? தோக்குறதுக்கு ஒரு விதியா?” என்று ஒருவர் நோட்டை மேசையில் வீசினார். இரண்டு பேர் விலகிப் போனார்கள். அந்த ஆண்டு மூன்றாம் சுற்றில், முன்னிலையில் இருந்த அணியின் கோல்கீப்பர் தன் இரண்டு பகுதியை முடித்து வெளியே வர, அதுவரை பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிற பொடியன் ஒருவன் கோலில் நின்றான். இரண்டு கோல் வாங்கினான். மூன்றாவதை முகத்தில் தடுத்தான். மூக்கில் ரத்தம் வழிய வழிய அவன் சிரித்துக்கொண்டு நின்றதும், அணி முழுக்க அவன்மேல் விழுந்ததும் இன்னும் கண்ணில் இருக்கின்றன. ஆட்டம் சமன். பத்து வயதுக்குக் கீழே இன்றும் நாங்கள் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதில்லை.

2016-இல் மிசோரத்தில் ‘நவ்பாங் லீக்’ என்று சிறு குழந்தைகளுக்கான லீக் தொடங்கியது. அதன் வழியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ‘கோல்டன் பேபி லீக்’ என்று நாடு முழுவதற்கும் திட்டம் கொண்டு வந்தது. இப்போது ‘ப்ளூ கப்ஸ்’ என்கிறார்கள். ஐந்து பேர், ஏழு பேர் ஆடுகிற சின்ன மைதானம், சின்னப் பந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம், நிறைய ஆட்டம், பெற்றோரும் உள்ளூர்க்காரருமே நடத்தலாம். அந்தக் கையேட்டைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பதினோரு பேரை முழு மைதானத்தில் விட்டு ஓட வைப்பதில் பத்து வயதுப் பிள்ளை பந்தைத் தொடுவதே அபூர்வம் என்று நாங்கள் மண்ணில் கண்டுகொண்டதை, அதில் முறையாக எழுதியிருந்தார்கள். மூன்றாம் எண் பந்துதான் சின்னப் பிள்ளைகளுக்கு, நாலாம் எண் அதற்கு மேல் என்பதை மட்டும் கடைக்காரருக்கு இன்னும் ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரிசளிப்பு விழாவையும் மாற்ற நேர்ந்தது. சீருடை வாங்கித் தந்த பெரியவர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றரைக்கு வந்தார். மே மாத வெயிலில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். வரிசையைக் கலைக்க எனக்குத் துணிச்சல் இல்லாமல் போனது. அந்த வெட்கத்தில் எடுத்த முடிவு: இனி சிறப்பு விருந்தினர் கிடையாது, படம் போட்ட பேனர் கிடையாது. கடைசி ஆட்டம் முடிந்த அரைமணிக்குள், ஆடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பதக்கம், அவரவர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கழுத்தில் போடுவார்கள். இதனால் நன்கொடை குறைந்தது உண்மை. பந்து வாங்க மூன்று ஆண்டு சிரமப்பட்டோம்.

இப்போது வேறு சிரமங்கள். அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு கல்வியாண்டு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறை ஏறக்குறைய மே மாதத்துக்குள் அடங்கிவிட்டது. ஆறு வாரத்தில் நிதானமாகப் போன ஏழு சுற்றை நாலு வாரத்தில், புதனும் ஞாயிறுமாக முடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கு இத்தனை என்று வாடகை வாங்கும் செயற்கைப் புல் மைதானங்கள் வந்துவிட்டன. மாதக் கட்டணம் வாங்கும் அகாடமிகள் வந்துவிட்டன. நல்ல பயிற்சி தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளை அங்கேயும், கட்ட முடியாத பிள்ளை எங்கள் மண்ணிலும் என்று பிரிந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று சட்டியில் சீட்டுப் போட்டு நாங்கள் ஒன்றாக்கியது இது. அகாடமி நடத்துகிற இளைஞர்களில் சிலர் எங்கள் லீக்கில் ஆடியவர்கள்தான். மே மாதம் மட்டும் உங்கள் பிள்ளைகளை எங்கள் சட்டிக்கு அனுப்புங்கள் என்று போன ஆண்டு கேட்டேன். இரண்டு பேர் அனுப்பினார்கள்.

இந்த ஆண்டு எனக்கு முட்டி வலி. கோலமாவு வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மைதானம் சுற்றிவர முடியவில்லை. சொல்தா தாத்தா காலமாகி வெகு காலமாயிற்று. அவர் இடத்தில் இன்று விசில் ஊதுபவள் கல்லூரியில் படிக்கும் பெண், எதிர்வீட்டுப் பின்கட்டுக் கதவு வழியாக எங்களிடம் வந்த முதல் ஆறு பேரில் ஒருத்தியின் தங்கை. ரெஃப்ரிகள் போதும். புள்ளி எழுத இரண்டு பேரும், கோடு போட இரண்டு பேரும், மோர் கலக்க ஒருவரும் வேண்டும். கால்பந்து தெரிந்திருக்க வேண்டாம். மே மாத முதல் ஞாயிறு காலை ஐந்தே காலுக்கு மைதானத்துக்கு வாருங்கள். வாளியும் மாவும் நான் வைத்திருப்பேன்.